வேறு வழியின்றி

கேட்டைச் சாத்தி ஏழு நிமிடம் ஆகிறது, ரயிலைக் காணோம், என் வண்டியின் வலது பக்கக் கண்ணாடி ஒயரில் தொங்குகிறது, அதை உடைத்தவன் எனக்கு முன்னால் அரை வண்டி தூரத்தில், வரவே கூடாத பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போனில் யாரிடமோ சிரித்துப் பேசுகிறான். நீலச் சட்டை. முப்பது வயது இருக்கலாம். நம் ஆட்களுக்குக் கேட்டைச் சாத்தினால் போதும், எதிர்ப்பக்கம் வரும் வண்டிக்கு என்று விட்ட இடத்தையும் அடைத்துக்கொண்டு கம்பிக்கு மூக்கை முட்டி நிற்க வேண்டும், அந்தப் பக்கத்துக்காரர்களும் அதையே செய்வார்கள், திறந்ததும் தண்டவாளத்தின் நடுவில் இரண்டு கூட்டமும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு ஹாரன் அடிக்க வேண்டும். அப்படி முன்னால் போகிற அவசரத்தில்தான் இடித்தான். நான் மரியாதையாகத்தான் கேட்டேன். என்ன தம்பி இது, என்றேன். “ஓரமா நிக்கத் தெரியலன்னா எதுக்குப் பெருசு வண்டி எடுத்துக்கினு வர? ஊட்ல குந்து,” என்றான். பெருசு. கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இருபத்தாறு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், அவள் காதில் விழுந்தது, விழாத மாதிரி மடியிலிருந்த தாம்பூலப் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். அதுதான் எனக்கு வலித்தது. அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எத்திராஜ், சிறப்பு உதவி ஆய்வாளர், இருபத்தேழு வருட சர்வீஸ். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இந்த ஏழு நிமிடமாக யோசிக்கிறேன். சொல்லியிருந்தால் அவன் அப்போதே குழைந்திருப்பான், சாரி சார், தெரியாம நடந்துடுச்சு சார் என்றிருப்பான், விஷயம் முடிந்திருக்கும். முடிந்துவிடக் கூடாது என்று எனக்குள் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

இடுப்பில் பிஸ்டல் குத்துகிறது. நிற்கும்போது தெரியாது, உட்கார்ந்தால் தொந்திக்கும் தொடைக்கும் நடுவில் அதன் பிடி வந்து அழுத்தும். இது இங்கே இருக்கவே கூடாது. நான் காவலுக்குப் போகிற ஓய்வு பெற்ற நீதிபதி, தன் மகள் வீட்டுக்கு பெங்களூர் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார், அதுவரைக்கும் எனக்கு விடுப்பு. விடுப்பில் போகிறவன் ஆயுதத்தைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். கிடங்கு நாற்பது கிலோமீட்டர். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், திங்கள் விடிவதற்குள் மறுபடி போய் எடுக்க வேண்டும், இந்த வெயிலில் எவன் போவான்? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. கிடங்குப் பொறுப்பில் இருக்கும் ஏட்டு தணிகாசலத்துக்கு ஒரு போன். அவர் பதிவேட்டில் “பெறப்பட்டது” என்று எழுதிக்கொள்வார், திங்களன்று “வழங்கப்பட்டது” என்று எழுதிக்கொள்வார். துப்பாக்கி நம் இடுப்பிலேயே இருக்கும். காவலுக்குப் போகிற எல்லோரும் இப்படித்தான். ஆக, பதிவேட்டின்படி இந்த நிமிடம் இது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கஸ்தூரி அண்ணன் வீட்டு வளைகாப்புக்கு இதை ஏன் கட்டிக்கொண்டு வந்தேன்? வீட்டில் விட்டால் பயம், பீரோ பூட்டு ஒரு மாதிரி இருக்கிறது. அது ஒரு காரணம். இன்னொன்று, கஸ்தூரியின் அண்ணன்காரர் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்துவார், இவர்தான் எங்க மாப்பிள்ளை, போலீஸ்ல எழுதற வேலை, என்று. இன்றும் சொன்னார். சட்டை மேலே ஏறி பிடி தெரிந்ததைப் பார்த்துவிட்டு, பந்தியில் இலைக்கு முன்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, “என்ன மாப்ள, அமுக்குனா குண்டு வருமா, இங்க் வருமா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருடத்துக்கு ஒரு முறை அட்டைப் படத்தைச் சுட்டிருக்கிறேன், பத்துக்கு ஆறு. மனிதனை நோக்கி இதை நீட்டியதுகூடக் கிடையாது.

நான் எழுதுகிற போலீஸ்தான், அதில் என்ன வெட்கம்? பதினெட்டு வருடம் ஸ்டேஷன் ரைட்டர். என் கையில் வந்த வழக்கு கோர்ட்டில் ஓட்டை விழுந்து திரும்பியதில்லை. அதிகாரி எவனாவது ஆத்திரத்தில் ஏதாவது செய்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்வான், எத்திராஜ் நீதான் பாக்கணும் என்பான். நான் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன். பிறகு வெள்ளைத் தாளை எடுப்பேன். நடந்ததை அவன் சொல்லச் சொல்ல நான் நடந்திருக்க வேண்டியதை எழுதுவேன். மேற்படி தேதியில், சுமார் பதினாறு முப்பத்தைந்து மணியளவில், நான் எனது சொந்த வாகனத்தில் வந்துகொண்டிருந்தபோது, மேற்படி நபர் எனது வாகனத்தை வழிமறித்து, ஆபாசமான வார்த்தைகளால் திட்டி. பார், தானாக வருகிறது. மணியைப் பார்த்தேன், நாலு முப்பத்தைந்துதான். நீலச் சட்டை போனை வைத்துவிட்டான். திரும்பிப் பார்க்கிறான். அவன் பக்கத்து சீட்டில் ஒரு அட்டைப் பெட்டி, மேலே நூல் கட்டி, கேக் பெட்டி, அது வெயிலில் உருகிவிடும் என்ற அவசரமோ என்னவோ. அறிக்கையில் கேக் வராது. அதற்கு இடமில்லை. குடிபோதையில் இருந்த மேற்படி நபர், என்று போடலாம். குடித்திருக்கிறானா? ஞாயிற்றுக்கிழமை, முப்பது வயது, பார்க்கலாம். மேற்படி நபர் தனது வாகனத்திலிருந்து இரும்புக் கம்பியை எடுத்து, உன்னை உயிரோடு விட்டால்தானே என்று கூறியவாறு என்னைத் தாக்க ஓடி வந்தார். நான் காவல் அதிகாரி என்று மூன்று முறை எச்சரித்தும் கேளாமல். அதனால் என் உயிருக்கு ஆபத்து ஏற்படவே, தற்காப்புக்காக, வேறு வழியின்றி. இந்த வேறு வழியின்றி இல்லாமல் எந்த அறிக்கையும் நிற்காது. நான் பழக்கிவிட்ட பையன்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்வேன், எதை மறந்தாலும் அதை மறக்காதே என்று.

“உதடு அசையுது,” என்றாள் கஸ்தூரி. ஒண்ணுமில்ல, வெயிலு, என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, முன்னால் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். “வெயிலுக்கு உதடு அசையாதுங்க.” அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஸ்டேஷன் வேலை பாதி என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி, அவளுடையது அச்சு. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், அடித்தல் திருத்தல் இல்லாமல், கீழே நான் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டு காலையில் எடுத்துப் போவேன். அருமைநாதன் வழக்கையும் அவள்தான் எழுதினாள். அருமைநாதன் எங்கள் உதவி ஆய்வாளர், நல்ல மனிதன், யாருக்கும் அஞ்சு பைசா கெடுதல் நினைக்காதவன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். லீவு நாளில், லுங்கியோடு, பால் வாங்கப் போனவன். நாற்சந்தியில் ஒரு மினி லாரிக்காரன் அவன் மொபெட்டை உரசிவிட்டான். வாய்ச் சண்டை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து சுட்டிருக்கிறான். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடிந்ததில்லை, போய், சட்டை மாட்டி, எடுத்துக்கொண்டு, திரும்பி நடந்து வந்திருக்கிறான், இரண்டு தெரு. அந்த இரண்டு தெருவில் அவன் என்ன யோசித்திருப்பான்? நான் அந்த இரண்டு தெருவை எழுதவில்லை. அறிக்கையில் துப்பாக்கி முதலிலிருந்தே அவன் இடுப்பில் இருந்தது. கோட்டாட்சியர் விசாரணை வந்தது, போனது. அருமைநாதன் பதவி உயர்வு வாங்கி ஓய்வும் பெற்றுவிட்டான், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறான்.

நீலச் சட்டை இடது பக்க ஜன்னல் கண்ணாடியை இறக்குகிறான். “இன்னா பெருசு, ரொம்ப நேரமா மொறைச்சிக்கினே கீற? கண்ணாடிக்கு இன்னா வேணும் சொல்லு, தூக்கிப் போட்டுட்டுப் போறேன்.” தூக்கிப் போடுகிறானாம். எனக்குக் காதுக்குள் சூடு ஏறுகிறது, ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் போட்டேனா இல்லையா, இந்த அலைச்சலில் மறந்திருப்பேன். பதில் சொல்லாதீங்க என்று கஸ்தூரி சொல்கிறாள். நான் சொல்லவில்லை. பதில் சொன்னால் சண்டை ஆகும், சண்டை என்றால் இரண்டு பக்கமும் தப்பு இருக்கும். பேசாமல் இருப்பவன் பக்கம் தப்பு இருக்காது. இதையும் நான்தான் அதிகாரிகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். அப்படியானால் நான் இப்போது பேசாமல் இருப்பது எதற்கு? பொறுமையா? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அவனைப் பார்த்து அல்ல. கூட்ஸ் வண்டி வருகிறது, கடைசியில். பெட்டி பெட்டியாக, நிலக்கரி, நாற்பது, நாற்பத்தொன்று, ஸ்டீயரிங் கையில் அதிர்கிறது. அந்தச் சத்தத்தில் ஒரு குண்டு வெடித்தால் பக்கத்து வண்டிக்காரனுக்குக்கூடக் கேட்காது. இதை ஏன் நினைத்தேன்? சாட்சிகள், அதற்காகத்தான், யார் எதைக் கேட்டார்கள் என்பது முக்கியம். தணிகாசலத்தின் பதிவேடு ஒரு சிக்கல். பெறப்பட்டது என்று எழுதிய துப்பாக்கி ரயில்வே கேட்டில் எப்படி வந்தது? முடியாததில்லை. காலையில் நீதிபதி வீட்டிலிருந்து அவசர அழைப்பு என்று போட்டு, மறுபடி வழங்கப்பட்டது என்று ஒரு வரி. தணிகாசலம் எழுதுவார். அவர் மைத்துனன் விஷயத்தில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் கையில் வைக்கக் கம்பி வேண்டும், எந்த ஸ்டேஷனிலும் ஒரு கம்பி இருக்கும். அடுத்து கஸ்தூரி. கஸ்தூரியை எங்கே வைப்பது? மனைவியோடு போகிறவன் என்றால் அவளும் சாட்சி, அவளைக் கூண்டில் ஏற்றுவார்கள். அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்று போட்டுவிடலாம். வளைகாப்பு வீட்டில் ஒரு நாள் தங்குவது சகஜம்தானே. நான் மட்டும் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், தீர்ந்தது, வண்டியில் அவள் இல்லை.

கூட்ஸ் போய்விட்டது. கேட்டைத் தூக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயிலாம், பைக்குக்காரர்கள் மறுபடி எஞ்சினை அணைக்கிறார்கள். அந்தப் பொம்பளை ஞாபகத்துக்கு வருகிறாள், இந்த நேரம் பார்த்து. மினி லாரிக்காரன் முனிரத்தினத்தின் மனைவி. காரியம் முடிந்து இருபது நாள் கழித்து ஸ்டேஷனுக்கு வந்தாள், அறிக்கை நகலை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். சண்டை போட வரவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, “சார், எங்க வூட்டுக்காரரு கடைசியா பேசினதா இதுல எழுதிக்கீது, அத ஒரு தரம் படிச்சுச் சொல்றீங்களா?” என்றாள். நான் படித்தேன். போலீஸ்காரன் என்றால் பெரிய ஆளா, உன்னைக் கொல்லாமல் இங்கிருந்து போகமாட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள். “அவருக்குத் திக்குவாய் சார். கோவம் வந்துச்சுன்னா ஒரு வார்த்த வெளிய வராது. என் பேரச் சொல்லவே மூணு தரம் முட்டுவாரு. இவ்ளோ நீட்டா அவரு பேசி நான் கேட்டதே இல்ல.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மனு கொடுக்கவில்லை, எதுவும் செய்யவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது இதைக் கஸ்தூரியிடம் ஒரு வேடிக்கை மாதிரி சொன்னேன், பார் எங்க சறுக்கிட்டோம்னு, நல்ல காலம் எவனும் கவனிக்கல, என்று. அவள் எனக்கு ரசம் ஊற்றினாள், எழுந்து போய்க் கை கழுவினாள். அதற்குப் பிறகு அவள் எனக்கு எழுதித் தந்ததில்லை. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அதனால். கம்ப்யூட்டர் வந்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து என்பதும் எனக்குத் தெரியும்.

“கேட்டத் தொறந்ததும் அவன முன்னால போக விட்டுருங்க,” என்கிறாள். சரி என்கிறேன். “வீட்டுக்குப் போயி கண்ணாடிய மாத்திக்கலாம்.” சரி. “என்னங்க, என்னப் பாத்துச் சொல்லுங்க.” பார்க்கவில்லை. பார்த்தால் அவள் வண்டியில் இருக்கிறாள் என்று ஆகிவிடும். நீலச் சட்டை ஸ்டீயரிங்கில் தாளம் போடுகிறான், தலையை ஆட்டுகிறான், ஏதோ பாட்டு. என்னை அவன் மறந்தே போய்விட்டான். திட்டியதுகூடப் பெரிதில்லை, இதுதான். ஒரு மனிதனின் வண்டியை உடைத்து, பெண்டாட்டி முன்னால் அசிங்கப்படுத்தி, பத்து நிமிடத்தில் மறந்துவிட்டுத் தாளம் போடுகிறான். அவனுக்கு நினைவூட்ட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது, அவன் முகத்தில் அது வந்து போவதை ஒரு தடவை பார்க்க வேண்டும், பெருசு என்று சொன்ன வாய் சார் என்று சொல்வதை. அருமைநாதனும் அவ்வளவுதான் நினைத்திருப்பானோ, அந்த இரண்டு தெருவில்? இல்லை, நான் வேறு. நான் ஆத்திரக்காரன் இல்லை, நான் எழுதுகிறவன். கண்ணாடியை மட்டும் பார்க்கலாம் என்று இறங்குகிறேன். ஒயர் அறுந்துவிட்டதா, ஒட்டினால் நிற்குமா, அதைப் பார்க்கத்தான். வெறும் கையோடுதான் இறங்குகிறேன்.

தார் சுடுகிறது, செருப்பு ஒட்டி ஒட்டி வருகிறது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். அவன் ஜன்னல் இரண்டடி தூரத்தில் திறந்திருக்கிறது. அவன் திரும்புகிறான், ஏதோ சொல்கிறான், எதிர்ப்பக்க ரயில் வருகிறது, சத்தத்தில் அவன் வாய் மட்டும் அசைகிறது. எனக்குத் தெரியும் அவன் என்ன சொல்கிறான் என்று. உன்னை உயிரோடு விட்டால்தானே. கம்பி எங்கே? சீட்டுக்கு அடியில் இருக்கும், இவன்கள் எல்லோரும் வைத்திருப்பான்கள், அவன் கை கீழே போகிறது பார், போகிறது, கேக் பெட்டி சரியாமல் பிடித்துக்கொள்கிறானா, இல்லை, அதற்குக் கீழே. நான் காவல் அதிகாரி என்று சொல்ல வேண்டும், மூன்று முறை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு முறைகூட வரவில்லை. பரவாயில்லை, மூன்று முறை என்று எழுதியாகிவிட்டது. உயிருக்கு ஆபத்து. இதயம் காதில் அடிக்கிறது, இது ஆபத்து இல்லாமல் வேறு என்ன? ரயிலின் கடைசிப் பெட்டி போகிறது, சத்தம் அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகிறது, கேட்டின் மணி நிற்கிறது.

எனக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் கஸ்தூரி நிற்கிறாள். முன்பக்கமாகச் சுற்றி வந்திருக்க வேண்டும். பட்டுப் புடவையின் முதுகு எனக்கு, முகம் அவனுக்கு. ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், வண்டியின் தகடு கொதிக்கும், கையை எடுக்கவில்லை. அவள் குரல் உயரவே இல்லை, கடையில் விலை கேட்கிற மாதிரிதான் பேசுகிறாள். “தம்பி, இறங்காத. கண்ணாடிய ஏத்திக்க. இவரு போலீசு, கையில துப்பாக்கி இருக்கு. உன்னச் சுட்டுட்டு, நீதான் அடிக்க வந்தேன்னு எழுதிடுவாரு. ரொம்ப நல்லா எழுதுவாரு. ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது.” அவன் அவளைப் பார்த்தான், பிறகு அவள் இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தான். நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான், வந்துவிட்டது, அது அவனுக்குப் பத்து வயதைக் குறைத்துக் காட்டியது. சார் என்று சொல்ல வாயைத் திறந்தான், சொல்லவில்லை. இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கொண்டான். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அவன் எதைப் பார்க்கிறான் என்று நானும் கீழே பார்த்தேன்.

கேட் மேலே போகிறது. பின்னால் ஐம்பது வண்டி ஹாரன் அடிக்கிறது, இடமே இல்லாத இடத்தில் பைக்குகள் புகுந்து போகின்றன, ஒருவன் போகிற போக்கில் எங்களைப் பார்த்து, பார்த்ததைப் புரிந்துகொண்டு, குனிந்து வேகம் எடுத்தான். “நீ போ தம்பி,” என்றாள் கஸ்தூரி. அவன் போனான், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கை இன்னும் காது பக்கத்திலேயே இருந்தது. அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கன்னத்தில் வியர்வையா கண்ணீரா தெரியவில்லை, துடைக்கவும் இல்லை. நான் கண்ணாடியப் பாக்கத்தான் இறங்கினேன் கஸ்தூரி, என்றேன். சும்மாதான் இறங்கினேன், இவன் கீழ குனிஞ்சான், அப்பத்தான் கைக்கு வந்திருக்கணும், எப்ப எடுத்தேன்னே தெரியல. என் குரல் எனக்கே கேட்டது. அது நாற்காலியில் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறவர்களின் குரல். அவள் தலையை ஆட்டினாள்.

“வண்டிக்குள்ள இருக்கும்போதே எடுத்துட்டீங்க,” என்றாள். “மொத ரயில் போறப்பவே. மடியில வெச்சு லாக்க எடுத்தீங்க. அவ்ளோ சத்தத்துலயும் எனக்குக் கேட்டுச்சு.”

எனக்குக் கேட்கவில்லை.